கொடியில் ஒரு நீலக் கவுன்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தனேஸ்வரிக்கு வீட்டில் கால் தரிக்காது. மற்ற ஆறு நாளும் ரவாங்கில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அடுக்கி வைத்த பெட்டிகளில் நூற்றுக்கு ஐந்தை உருவிப் பிரித்து, மடிப்பு நேராக இருக்கிறதா, பசை பிடித்திருக்கிறதா, அச்சு கலங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தும் நன்றாக இருந்தால் நூறும் நன்று என்று தாளில் எழுதிவிடலாம். தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாத தாளை மேலே இருக்கிறவர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்கிறவளுக்கு, எதைப் பார்த்தாலும் ஓரத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் மேசை விரிப்பின் தையலைத் தடவிப் பார்க்கிற ஆள்.

பிறந்தது ஈஜோக் பக்கத்தில் ஒரு தோட்டம். தோட்டம் கைமாறியபோது பத்தொன்பது வயது. குடும்பத்தோடு ரவாங்குக்கு வந்தாள், சில வருஷம் அங்கும் இங்கும் வேலை பார்த்தாள், பிறகு பெட்டிக்காரர்களிடம் நிலைத்துவிட்டாள். இந்தக் கதையைச் சொல்லும்போது அவள் ஒருநாளும் கண் கலங்கியதில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளிக் கக்கூசுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கண் கலங்காது.

தனேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதானபோது மகள் ஷர்மினி படிக்கப் பினாங்கு போய்விட்டாள். கணவர் ரவீந்திரன் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவரை எழுப்புவது மகாபாவம். வீடு சும்மா கிடந்தது, ஓடுகிற நிலையில் ஒரு பழைய கஞ்சில் காடியும் கிடந்தது, சின்னக் கார். மீன் வாங்கி வருகிறேன் என்று ஒரு காலையில் கடலோரம் ஜெராமுக்குப் போனவள், பொழுது சாயத்தான் திரும்பினாள்.

"மீன் எங்க?" என்றார் ரவீந்திரன்.

"வாங்கல. அங்க வலை பின்னுற சீனக் கிழவரு ஒருத்தரு. நம்மள விட நல்லாத் தமிழு பேசுறாரு. சின்ன வயசுல யாருகூட வெளையாடினாரு, எப்படிக் கத்துக்கிட்டாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், நேரம் போயிருச்சு."

"அப்ப இன்னிக்கு வலையத்தான் கொழம்பு வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஒட்டுக்கடைக்குக் கிளம்பினார்.

அந்த ராத்திரியே உட்கார்ந்து கிழவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாள். ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்கு அனுப்பினாள். மூன்றாவது வாரம் அச்சில் வந்தது. மலரின் பொறுப்பாசிரியர் திலகம் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் இனிமேல் இருக்கும் என்றாள் தனேஸ்வரி.

அதிலிருந்து ஐந்து வருஷம். கோல சிலாங்கூருக்கு வருகிறவர்கள் எல்லாரும் மின்மினிப் பூச்சியைப் பார்த்துவிட்டு அதையே எழுதுவார்கள். இவள் மின்மினியைப் பார்க்கப் படகேறுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மிதவைச் சட்டைகளைத் தினமும் அலசிக் காயப்போடுகிற பெண்ணைப் பற்றி எழுதினாள். அந்த ஊர்க் குன்றுக்குப் போனாள், எல்லாரும் படம் பிடிக்கிற குரங்கை விட்டுவிட்டாள், குரங்குக்குப் பயந்து குச்சியோடு வேலைக்கு வருகிற தோட்டக்காரரைப் பிடித்துக்கொண்டாள். புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அரை நாள் உட்கார்ந்து, யார் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று பார்த்தாள். அவளிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. தெரியாத ஆளிடம் பேச்சைத் தொடங்க, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தவர் எவரும் இல்லை. குழம்பில் தொடங்கி, மருமகள், முதலாளி, முழங்கால் வலி என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

கையில் ஒரு 555 நோட்டு இருக்கும். மளிகைக் கடையில் தொங்குமே, உள்ளங்கை அளவு, அதுதான். ஒவ்வோர் ஊருக்கும் மேலே தேதி, வந்த மணி, போன மணி. அதற்குக் கீழே பார்த்தது. கேட்டதை வேறு பக்கத்தில் எழுதுவாள். தொழிற்சாலைப் பழக்கம் ஊர் சுற்றவும் உதவியது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இவ்வளவு ஒழுங்கான ஆள் எப்படிக் கவிழ்ந்தாள் என்பதுதான் விஷயம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு. ஈஜோக் தாண்டி வருகையில் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு பலகை, பாதி எழுத்து உதிர்ந்து நின்றது. உள்ளே செம்மண் பாதை. இரண்டு கிலோமீட்டர் செம்பனைக்கு நடுவே போனதும் ஒரு லயம், தோட்டத்து ஆட்களின் குடியிருப்பு. எதிரெதிராக இரண்டு வரிசை வீடு, நடுவில் ஒரு மாரியம்மன் கோயில். மணி மூன்று இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. எல்லா வீடும் பூட்டியிருந்தது. கோயிலும் பூட்டியிருந்தது. ஒரு நாய் மட்டும் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்துக்கொண்டது.

குழம்பு விசாரிக்க ஆளில்லாத ஊருக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. குடையை விரித்துக்கொண்டு முன்பக்கமாக நடந்தாள். பூட்டுகளைப் பார்த்தாள். துருப்பிடித்தவை, புதியவை, ஒன்று சைக்கிள் பூட்டு. அப்போதே ஒரு வாக்கியம் மனசில் வந்துவிட்டது: இந்தப் பூட்டுகளைத் திறக்க இனி யாரும் வரப்போவதில்லை. அந்த வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. வாக்கியம் கிடைத்துவிட்டால் கால் நின்றுவிடும். கோயிலுக்குப் பின்னால் இன்னொரு வரிசை வீடு இருந்தது. தூறல், செருப்பில் சேறு, நாய் வேறு, அங்கே போகவில்லை. இருபது நிமிஷத்தில் காடியைத் திருப்பிவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். கட்டுரை தண்ணீராய் ஓடியது. முன்பு எந்தக் கட்டுரையும் அப்படி வந்ததில்லை. நோட்டில் ஐந்து குறிப்பு இருந்தது. மூன்று குறிப்பு கட்டுரைக்குள் போயிற்று. நான்காவதற்கு வந்தபோது பேனா நின்றது. மூன்றாவது வீட்டு வாசலில், கூரை இறக்கிய அஞ்சடியில் கட்டிய கொடியில் துணி தொங்கியதைக் குறித்திருந்தாள். ஈரத் துணி.

அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். வந்துபோகிற ஆள் யாராவது போட்டிருக்கலாம் என்று தனக்கே ஒரு பதில் சொன்னாள். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்துக்காரர்கள் காயப்போட்டிருக்கலாம். எத்தனையோ இருக்கலாம். அந்தக் குறிப்பைத் தாண்டி ஐந்தாவதற்குப் போய்விட்டாள். ஐந்தாவது குறிப்பு நாயைப் பற்றி. நாய் கட்டுரைக்கு நன்றாகப் பொருந்தியது.

'கடைசிப் பூட்டு' என்ற தலைப்பில் அது வெளிவந்த வாரம் அவள் தொலைபேசி ஓயவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பேச முடியாமல் விம்மினார். யாரோ அதைக் குரல் கொடுத்துப் படித்து, பின்னால் ஒரு சோக வயலினைப் போட்டு வாட்சாப்பில் விட்டார்கள். ரவீந்திரனுக்கே அது நான்கு லோரிக்காரர்களிடமிருந்து வந்தது. திலகம் ஒரு புத்தகம் போடலாம் என்றார். ஐந்து வருஷத்துக் கட்டுரைகள், முதல் கட்டுரை இது, புத்தகத்துக்குப் பெயரும் இதுதான். தனேஸ்வரி அன்றைக்குச் சமைக்கவில்லை. சந்தோஷத்தில் கை ஓடவில்லை. தன் பெயர் போட்ட அட்டையை நினைத்துக்கொண்டே படுத்துக்கிடந்தாள்.

அக்டோபரில், மதிய உணவு நேரத்தில், ஒரு தெரியாத எண்.

"வணக்கம்க்கா. எம்பேரு புஷ்பா. ஏழாங்கட்டைத் தோட்டத்துலருந்து பேசுறேன். பேப்பர்க்காரவங்ககிட்ட நம்பரு வாங்குனேன்."

தனேஸ்வரிக்குக் கையிலிருந்த கரண்டி தட்டில் இறங்கியது.

"பூட்டுனு எழுதியிருந்தீங்களே, அதுல மூணாவது பூட்டு எங்க வீட்டுது."

கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. புஷ்பா விஷயத்தைத்தான் சொன்னாள். லயத்தில் பதினோரு குடும்பம் இருக்கிறது. தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. அங்கேயே குடியிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மாற்று வீடு தர வேண்டும் என்று இரண்டு வருஷமாக இழுபறி. லயத்துக்காரர்கள் எப்போதோ ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள், வீட்டுக்காகப் பூட்டைப் போட்டுவிட்டுக் கேஸ் பேசுகிறார்கள் என்பது கம்பெனியின் பேச்சு. இப்போது அதற்கு அத்தாட்சியாக ஒரு பத்திரிகைக் கட்டுரையை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நவம்பர் இரண்டாவது வாரம் அரசாங்க அதிகாரி முன்னால் கூட்டம்.

"வந்த தேதிய எழுதியிருந்தீங்களே, அன்னிக்கு எம்மவன் புனிதனுக்குக் கல்யாணம்க்கா. கோல சிலாங்கூரு மண்டபத்துல. எங்க லயத்துல ஒரு கல்யாணம்னா ஒரு வீடு பாக்கி இருக்காது. ரெண்டு பஸ்ஸு புடிச்சுப் போனோம். நடக்க முடியாத சன்னாசி மாமாவையே நாற்காலியோட தூக்கி ஏத்திக்கிட்டுத்தான் போனோம். ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டோம்லா."

இனி யாரும் திறக்கப்போவதில்லை என்று அவள் எழுதிய பூட்டுகளை நான்கு மணி நேரம் கழித்து வந்து திறந்திருக்கிறார்கள். லட்டுப் பையோடு, தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு. தனேஸ்வரிக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் காய்ச்சலா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு ஏழாங்கட்டைக்குப் போனாள். அதே பாதை, அதே லயம். இந்தத் தடவை வாசலுக்கு வாசல் ஆள். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவன், கீரை ஆய்கிற இரண்டு பெண்கள், நாற்காலியில் சன்னாசி மாமா. அவள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நாய்கூட எழுந்து வந்து மோந்துவிட்டுப் போனது.

புஷ்பா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். நகக்கண்ணில் ஆரஞ்சு நிறம் ஏறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள், மைலோ கலக்கிக் கொடுத்தாள். பேச்சு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தனேஸ்வரி வாய் தவறி, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டாள்.

"கருவாடு" என்றாள் புஷ்பா. "அன்னிக்கு இருந்து கேட்டிருந்தீங்கன்னா, கல்யாணச் சாப்பாடுன்னு சொல்லியிருப்பேன்."

கல்யாணப் படங்களைக் காட்டினாள். பின்வரிசைக்கு அழைத்துப்போய் பந்தல் போட்டிருந்த இடத்தையும் காட்டினாள். நட்ட கம்புகளின் குழி இன்னும் மூடவில்லை. கோயிலிலிருந்து எண்ணி இருபது அடி இருக்கும்.

"ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்திருந்தீங்கன்னா, வாழமரமே கட்டி வச்சிருந்தோமே. ஜோகூர்ல இருக்கிற எங்கக்கா அந்தக் கட்டுரையப் படிச்சிட்டுப் போன் போட்டு அழுவுறா, வீட்ட விட்டுட்டியே, ஒரு வார்த்த சொல்லலியேன்னு. கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனவ அவ!"

புஷ்பா சிரித்துவிட்டாள். தனேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அஞ்சடியில் அந்தக் கொடி அப்படியே இருந்தது. அன்றைக்கும் துணி காய்ந்தது. அதைப் பார்க்காமல் பேச அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் திலகத்தைக் கூப்பிட்டாள். திலகம் மோசமான மனுஷி இல்லை. ஆனால் அட்டைப்படம் வரைந்தாகிவிட்டது. ஒரு பெரிய பூட்டு, பின்னால் மங்கலாக லயம்.

"திருத்தம்தானே, ரெண்டு வரி போட்டுடலாம். கட்டுரையை ஏன்மா தூக்கணும்? எத்தனை தோட்டம் அந்த மாதிரி ஆச்சு, இல்லியா? புத்தகத்துல தோட்டத்துப் பேரை மட்டும் எடுத்துருவோம். அப்ப யாருக்கும் நஷ்டமில்ல. எழுத்தும் நிக்கும்."

தனேஸ்வரி ஒரு நாள் முழுக்க அதை யோசித்தாள். பேரை எடுத்துவிட்டால் போயிற்று. எங்கோ ஒரு தோட்டம், எங்கோ ஒரு பூட்டு. படிக்கிறவர்கள் அவரவர் தோட்டத்தை நினைத்து அழுதுகொள்வார்கள். யோசனை நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. தொழிற்சாலையில் புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்கிற ஒன்று உண்டு: ஐந்து பெட்டியையும் ஒரே அடுக்கின் மேலிருந்து எடுக்காதே, அடியிலிருந்தும் உருவு. அவளே மேலாக எடுத்து எழுதிவிட்டு, இப்போது பெட்டியின் பேரை அழித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புத்தகத்தைத் தேடுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'கடைசிப் பூட்டு' என்று ஒரு புத்தகம் இதுவரை வரவில்லை.

இரண்டு வரித் திருத்தம் வேண்டாம், முழுக் கட்டுரையாகவே எழுதித் தருகிறேன் என்றாள். எழுதினாள். அன்றைக்கு அங்கே கல்யாணம், நான் விசாரிக்கவில்லை, பதினோரு குடும்பம் இருக்கிறது, தவறு என்னுடையது. கல்யாண விருந்து, பஸ், நாற்காலியோடு போன சன்னாசி மாமா எல்லாம் வந்தது. நல்ல கட்டுரைதான். கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு வெளியானது. ஆனால் ஈரத் துணி அதிலும் இல்லை. விசாரிக்காதது ஒரு தவறு, ஒப்புக்கொள்ளலாம். பார்த்ததை விழுங்கியதை எங்கே போய்ச் சொல்வது? அந்த நோட்டு அவள் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. எடுத்து அலமாரியில் வைக்கவும் மனசில்லை, திறக்கவும் மனசில்லை.

இந்தக் கட்டுரைக்குச் சிங்கப்பூரிலிருந்து யாரும் அழவில்லை. வயலினும் வரவில்லை.

கூட்டத்தன்று அவசர விடுப்பு போட்டாள். நான் வந்தால் உனக்கு உதவுமா என்று புஷ்பாவிடம் கேட்டிருந்தாள். "வந்து ஒக்காருங்க, அது போதும்" என்றிருந்தாள் புஷ்பா. காலையில் ரவீந்திரன் லோரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"தனேசு, கட்டுரைதான் போட்டாச்சே. அங்க வேற போயி நிக்கணுமா? கேள்வி கேட்டாங்கன்னா ஒம்பேருதான் கெட்டுப்போகும்லா."

"கெட்டுப்போகட்டும். நீங்க பசியாறிட்டுப் போங்க" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. அவள் பசியாறவில்லை.

கோல சிலாங்கூரில் ஓர் அரசாங்க அலுவலகம், மாடியில் நீள மேசை போட்ட அறை. அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பேசுகிறதைவிட அதிகமாக எழுதிக்கொள்கிறவர். ஒரு பக்கம் கம்பெனிப் பிரதிநிதி, மெல்லிய கோடு போட்ட சட்டை, தமிழர்தான். மறுபக்கம் புஷ்பாவும் லயத்திலிருந்து இன்னும் மூன்று பேரும். ஓரத்தில் தனேஸ்வரி. எல்லாப் பேச்சும் மலாயில்.

புஷ்பா புதிய கட்டுரையை நீட்டினாள். பிரதிநிதி அதை வாங்கிப் படித்துவிட்டு, மரியாதையாகவே பேசினார்.

"புவான், இரண்டையும் எழுதியது ஒரே ஆள். முதல் கட்டுரையை எழுதும்போது இவருக்கு இந்தக் குடும்பங்களைத் தெரியாது. இரண்டாவது, இவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து பேசியபிறகு எழுதியது. கல்யாணம் நடந்ததை நாங்கள் மறுக்கவில்லை. ரவாங்கில் இருக்கிறவர்களும் கல்யாணம் செய்துகொள்வார்கள். அன்றைக்கு அந்த வீடுகளில் ஆள் குடியிருந்ததை இவர் பார்த்தாரா, அதுதான் கேள்வி. பார்க்கவில்லை என்று இரண்டிலும் இவரே எழுதியிருக்கிறார்."

பேச்சில் ஓட்டை இல்லை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுத் தனேஸ்வரியைப் பார்த்தார்.

"பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்கு வேண்டாம். அன்றைக்கு நீங்கள் பார்த்தது ஏதாவது இருக்கிறதா? அன்றைக்கே எழுதி வைத்தது?"

புஷ்பா அவளைப் பார்க்கவில்லை. எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. மேசையில் இருந்த இரண்டு கட்டுரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் போதும். பொய்யென்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒருவரும் கிடையாது. பதினோரு வீட்டுக்கு வேறு அத்தாட்சி ஏதாவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தனேஸ்வரி கைப்பையைத் திறந்தாள்.

555 நோட்டின் அட்டை வியர்வையில் ஊறி நைந்திருந்தது. பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலே தேதி, வந்த மணி மூன்று ஐந்து, போன மணி மூன்று இருபத்தைந்து. முதலில் தமிழில் படித்தாள்.

"மூன்றாவது வீடு. அஞ்சடியில் கொடி. துணி ஈரம். நடுவில் சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூட நீலக் கவுன். அடிமடிப்பைப் பிரித்து இறக்கி, வெள்ளை நூலில் தைத்திருக்கிறது."

பிறகு மலாயில் சொன்னாள். மலாயில் சொல்ல அதில் ஒன்றும் கஷ்டமில்லை. துணி, ஈரம், கவுன், நூல். பிரதிநிதி நோட்டை வாங்கிப் பார்த்தார். முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டினார். முந்தின வாரம் போன ஊர், அடுத்த வாரம் போன ஊர் எல்லாம் அதே கையெழுத்தில் தேதியோடு இருந்தன. அதிகாரியிடம் கொடுத்தார்.

புஷ்பா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீல நூலு தீந்துபோச்சு புவான்" என்றாள் மலாயில். "கல்யாண வேலையில கடைக்குப் போக நேரமில்ல. வெள்ளையில தச்சேன். மறுநாளு அவளுக்கு ஸ்கூலு, அதான் காலைலயே அலசிப் போட்டுட்டு மண்டபத்துக்குப் போனேன். எங்க கடைசிப் பொண்ணு தனுஜாவோடது."

"அந்தக் கவுன் இப்போது எங்கே?"

"அவ மேலதான். ஸ்கூல்ல இருக்கா."

அறையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டுமா என்று அதிகாரி பிரதிநிதியைக் கேட்டார். தேவையில்லை என்றார் அவர். 'கடைசிப் பூட்டு' கட்டுரையும் அதன் மொழிபெயர்ப்பும் கோர்த்த தாள்களை அதிகாரி கோப்பிலிருந்து உருவி, மேசைமேல் பிரதிநிதியின் பக்கமாகத் தள்ளிவிட்டார். மாற்று வீட்டைப் பற்றிய முடிவு அன்றைக்கு வரவில்லை. அப்படி ஒரே நாளில் வருவதும் இல்லை. ஆனால் ஆளில்லாத வீடு என்ற பேச்சை இனி யாரும் எடுக்க முடியாது.

புஷ்பா மேசைக்குக் கீழே தனேஸ்வரியின் கையைப் பிடித்தாள். நகக்கண்ணில் அந்த ஆரஞ்சு நிறம். பிடித்தவள், அடுத்த கேள்வி வந்ததும் தன்னையறியாமல் பிடியைத் தளர்த்தினாள்.

"துணியைப் பார்த்திருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நூலின் நிறம்வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். பத்திரிகையில் மட்டும் ஏன் எழுதவில்லை?"

வந்துபோகிற ஆள், பக்கத்துக் கம்பம் என்று வீட்டில் தனக்கே சொல்லிக்கொண்ட பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. லயத்துக்காரர்கள் நான்கு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதியிருந்தால் கட்டுரை அவ்வளவு நன்றாக வந்திருக்காது, புவான்" என்றாள் தனேஸ்வரி.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். தனேஸ்வரி ஒருமுறை படித்துப் பார்த்தாள். அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது. கையெழுத்து வைத்தாள். பழக்கத்தில், கீழே தேதியும் மணியும் போட்டாள்.